கல்பனா போனில் முதல் கடை

கடை திறந்த நாளிலிருந்து கல்பனா ஒரு நாளும் தவறாமல் செய்த காரியம் ஒன்று உண்டு. காலையில் பல் தேய்க்கிறாளோ இல்லையோ, போனை எடுத்து, நெட்டில் தேடுகிற இடத்தில் 'திருத்தணி கல்யாணப் பொண்ணு மேக்கப்' என்று தட்டுவாள். முதல் வரியில் அவள் கடைதான் வந்து நிற்கும். மயில் படம் போட்ட 'ஜோடனை'. அதைத் தொட்டு உள்ளே போய், தான் எடுத்துப் போட்ட படங்களைத் தானே ஒரு சுற்று பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு அடுப்பைப் பற்ற வைப்பாள். முருகன் படத்துக்குக் கும்பிடு அதற்கு அப்புறம்தான்.

சிரிக்கட்டும், தப்பில்லை. ஆனால் முதல் வரியில் நிற்கிற கடைக்கு ஆள் ஏன் வரவில்லை என்று ஒரு நாளாவது யோசிக்க வேண்டாமா? யோசித்தாள். யோசித்து, கண் திருஷ்டி என்று முடிவு கட்டி வாசலில் பூசணிக்காய் தொங்கவிட்டாள். போனை மட்டும் அவள் சந்தேகப்படவே இல்லை.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவள் அவள். இருட்டு பிரியும் முன்னே கம்பெனி பஸ் வந்து ஆரன் அடிக்கும். ஒரு கையில் டிபன் பாக்ஸ், இன்னொரு கையில் சீப்பு என்று ஓடுவாள். கூட வேலை பார்த்த பெண்களுக்குக் கல்யாணம் என்றால் தலை பின்னி, புடவை மடிப்பு வைத்து, முகத்துக்குப் போட்டு விடுவது கல்பனாதான். கைராசிக்காரி என்று பேர் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அரக்கோணம் போய் முறையாகவும் கற்றுக்கொண்டாள். திருத்தணியிலோ முகூர்த்த நாள் என்றால் மலைமேல் கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் வரிசையில் நிற்பார்கள், ஆந்திராவிலிருந்து பாதி, மெட்ராஸ் பக்கமிருந்து பாதி. அதில் கொஞ்சம் பேர் தன் பக்கம் திரும்பினால் போதும் என்று வேலையை விட்டாள். தை மாசம், மலைக்குப் போகிற சாலையில் துளசிங்கத்தின் கட்டடத்தில் கீழ்க் கடையை வாடகைக்கு எடுத்தாள்.

பேர் வைப்பதில்தான் முதல் தகராறு. அவள் புருஷன் சேட்டு, திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர். 'பியூட்டி பார்லர்' என்று போட்டுவிடு, கண்ணை மூடிக்கொண்டு எவனுக்கும் புரியும் என்றான். கல்பனா கேட்கவில்லை.

"ஊர்ல எல்லாரும் அதத்தான் வெச்சிகினு இருக்காங்க. நம்ம பக்கம் பொண்ண ஜோடிக்கிறதுன்னுதானே சொல்றோம்? ஜோடனைன்னு வெப்பேன். ஒரே வார்த்தை, சும்மா நச்சுனு இருக்கும்."

நச்சென்றுதான் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. பச்சைப் பலகையில் ஒரு மயில், வளைத்து வளைத்து எழுதின மூன்றே எழுத்து, வேறு ஒன்றும் கிடையாது. ஆனால் இந்தப் பக்கத்தில் பெண்ணை மட்டுமா ஜோடிக்கிறார்கள்? கல்யாணக் காரையும் ஜோடிக்கிறார்கள், சாமி வண்டியையும் ஜோடிக்கிறார்கள். கடைக்கு முதன்முதலாக வந்தவர் ஒரு மாப்பிள்ளையின் மாமா. காருக்கு ரோஜாவில் ஜோடிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அடுத்து வந்தவன் தேருக்கு சீரியல் பல்பு இருக்கிறதா என்றான். கல்பனா தலையில் அடித்துக்கொண்டு, பூ மார்க்கெட்டுக்கு வழி காட்டி அனுப்பினாள்.

நெட்டில் கடையை ஏற்றிக் கொடுத்தது பாவா தணிகைமணி. அக்காள் புருஷன், தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸும் கம்ப்யூட்டரும் வைத்திருக்கிறவர். பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் வருகிற கூட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு, மச்சினிச்சிக்காக ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தார். கல்பனாவின் போன், கடையில் படம் காட்ட வாங்கின டேப், தன் கடைக் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் அவள் கணக்கையே திறந்து வைத்தார். மேலே இருக்கிற நட்சத்திரத்தைத் தொட்டால் பக்கம் சேமிப்பாகிவிடும், அப்புறம் தேட வேண்டிய வேலையே இல்லை என்று காட்டிக் கொடுத்தார்.

"எல்லாத்தையும் ஒண்ணா முடிச்சு போட்டுட்டேம்மா," என்றார். "நீ எங்க தொறந்தாலும் உன் கடை உன் கூடவே வரும்."

உன் கூடவே வரும் என்றுதான் பாவா சொன்னார். ஊர் கூட வரும் என்று இவள் காதில் விழுந்தது. போனில் முதல், டேப்பில் முதல், பாவா கடைக் கம்ப்யூட்டரில் போய்ப் பார்த்தாலும் முதல். ஒரே ஆளுக்கு மூன்று சட்டை மாற்றிப் போட்டு மூன்று சாட்சி என்று நிறுத்தின கதை அது. அப்போது அவளுக்கும் தெரியாது, பாவாவுக்கும் உறைக்கவில்லை.

அதோடு விட்டாளா? பார்க்கிற சொந்தக்காரர்களிடமெல்லாம் போனை வாங்கி, தன் கடையைத் தேடி, திறந்து, நட்சத்திரத்தைத் தொட்டுவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள். பள்ளிப்பட்டில் பெரியம்மா மகளுக்கு வளைகாப்பு நடந்தபோது, பந்தியில் இலை போடுவதற்குள் வரிசையாக வசூல் பண்ணிவிட்டாள். "கடைக்கு ஒரு நட்சத்திரம் வேணும் மாமா," என்று கேட்டதற்கு ஒரு கிழவர், "கார்த்திகைதாம்மா, ரெண்டாம் பாதம்," என்று பதில் சொன்னார். அவர் போனிலும் கடை ஏறியது. அன்றிலிருந்து சொந்தத்தில் யார் தேடினாலும் ஜோடனைதான் முதலில் வந்தது. எல்லாரும் அவளுக்குப் போன் போட்டு, நீதாம்மா ஃபர்ஸ்ட் என்றார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இங்கே காக்கையின் சுற்றமெல்லாம் சேர்ந்து பொன் குஞ்சு, பொன் குஞ்சு என்று பாடியது.

மாசி, பங்குனி, சித்திரை என்று முகூர்த்தங்கள் போயின. வந்த பெண்கள் எல்லாம் கம்பெனித் தோழிகள், இல்லாவிட்டால் தோழிகளின் தங்கைகள். முன்பின் தெரியாத ஒருத்திகூட அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளவில்லை. வைகாசி பிறந்ததும் துளசிங்கம் வந்து வாசலில் நின்றார். ஆடிக் கிருத்திகைக்குப் பூஜை சாமான் கடை போட ஒரு பார்ட்டி கேட்கிறது, வருஷக் கணக்காகவே எடுத்துக்கொள்கிறேன் என்கிறது என்றார். மிரட்டுகிற மனுஷர் இல்லை. இருக்கியா, போறியா, ஆனி முடிவதற்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்றார். அன்றைக்கே கம்பெனி சூப்பர்வைசரும் போன் பண்ணி, ஆள் எடுக்கிறோம், வருகிறாயா என்று கேட்டது அவள் போதாத காலம்.

அந்த ஆரன் சத்தத்துக்குத் திரும்பிப் போகவேண்டும் என்று நினைத்தாலே கல்பனாவுக்கு அழுகை வந்தது. ஆனாலும் மறுநாள் காலையில் போனைப் பார்த்தாள். முதல் வரியில் மயில் நின்றது. மனசு கொஞ்சம் ஆறியது.

வைகாசியில் ஒரு பெரிய முகூர்த்தம். மலைச் சாலை முழுக்க வேனும் காரும். ஆந்திராப் பக்கம் புத்தூரிலிருந்து வந்த ஒரு வேன் சரியாக அவள் கடைக்கு எதிரே நின்றது. பெண்ணுக்கு ஜோடிக்க வரவேண்டியவள் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டாளாம். பெண்ணின் சித்தி கீழே இறங்கி, வெயில் படாமல் கல்பனா கடைப் படிக்கட்டில் வந்து நின்றுகொண்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "பெள்ளிகூத்துரு மேகப், திருத்தணி," என்று கல்யாணப் பொண்ணு மேக்கப்பைத் தெலுங்கில் கேட்டாள். போன் ஏதோ காட்டியது. அவள் யாரிடமோ பேசினாள். கல்பனா உள்ளே நாற்காலியைத் துடைத்துக்கொண்டு, அந்தம்மா நிழலுக்கு நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பெரிய பெட்டியோடு இறங்கியவள் கே.ஜி.கண்டிகையில் 'அம்மு பிரைடல் மேக்கப்' வைத்திருக்கிற அம்மு. கல்பனாவைப் பார்த்ததும் அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தலையை ஆட்டிவிட்டு, பெண்ணை அழைத்துக்கொண்டு பக்கத்து லாட்ஜுக்குள் போனாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறது என்பார்கள். இந்த அம்மாள் வெண்ணெய்ப் பானை மேலேயே நின்றுகொண்டு ஆட்டோவில் நெய்யை வரவழைத்திருக்கிறாள்.

கல்பனாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வெளியே வந்து, தெலுங்கிலேயே அந்தச் சித்தியைக் கேட்டாள், பக்கத்திலேயே நான் இருக்கிறேனே, என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று. அந்தம்மா பலகையை நிமிர்ந்து பார்த்தாள். எனக்குத் தமிழ் படிக்க வராது, மயிலைப் பார்த்து பட்டுப்புடவைக் கடை என்று நினைத்தேன் என்றாள். சரி, போனில் நான்தானே முதலில் வருகிறேன் என்று கல்பனா தன் போனைத் தட்டிக் காட்டினாள். அந்தம்மா தன் போனை அதன் பக்கத்தில் நீட்டினாள். அம்மு இருந்தாள். அரக்கோணத்துக்காரி ஒருத்தி இருந்தாள். திருப்பதியில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். கல்பனா விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனாள். மயில் வரவே இல்லை.

ஒரே ஊர், ஒரே படிக்கட்டு, இரண்டு போன். ஒன்றில் அவள் ராணி, இன்னொன்றில் அவள் பிறக்கவே இல்லை.

கடையைப் பூட்டிக்கொண்டு நேரே பாவாவிடம் போனாள். அவர் கம்ப்யூட்டரில் தேடிக் காட்டினார். ஜோடனை முதலில் நின்றது. இது என் கணக்குதானே பாவா, வெளியே வந்து பாருங்கள் என்றாள். கணக்கிலிருந்து வெளியே வந்தால் சேமித்து வைத்த பாஸ்வேர்டெல்லாம் போய்விடும், கொஞ்சம் இரு என்று இழுத்தார். பிறகு யார் கணக்கும் இல்லாத ஒரு தனி ஜன்னலைத் திறந்து அதில் தட்டினார். முதல் பக்கம் பார்த்தார், இரண்டாம் பக்கம் பார்த்தார். கடைசியில் வேறு வார்த்தை போட்டபோது ஜோடனை வந்தது, கார் அலங்காரம் செய்கிறவர்களுக்கு நடுவில். பாவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆளுக்கு ஏத்த மாதிரிதாம்மா அது காட்டும்," என்றார். "நீ தினம் எத தொடுறியோ, அதத்தான் உனக்கு மொதல்ல எடுத்து வெக்கும். உனக்கு சௌகரியமா இருக்கட்டும்னுதான் நான் முடிச்சு போட்டேன். இப்பிடி ஆவும்னு எனக்குத் தோணல."

அவரைக் கோபித்து என்ன ஆகும்? கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, ஊரே தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று நம்பியது அவள்தானே. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்குப் பார்த்தாள். அக்காள் போன், மாமியார் போன், பள்ளிப்பட்டு போன்கள், தோழிகள் போன் எல்லாவற்றிலும் அவளே போட்ட நட்சத்திரம். அவள் கை படாத போன் ஒன்றுகூட உறவில் இல்லை.

சேட்டு டியூட்டி முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். சட்டைப் பையிலிருந்து அவன் போனை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். இது கட்டாயம் காட்டும் என்றுதான் நினைத்தாள். காட்டவில்லை. மேலே நட்சத்திரமும் இல்லை.

"உங்க போன்லயும் நட்சத்திரம் போட சொன்னேனே?"

"போட்டேன்னு சொன்னேன். போடல," என்றான் சேட்டு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "உன் கடைக்கு எனக்கு வழி தெரியாதா?"

"அப்ப இதுல வரலன்னு உங்களுக்கு தெரியுமா?"

அவன் முகத்தைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஓட்டினான்.

"மொத வாரமே பாத்தேன். இல்ல."

"ஏன் சொல்லல?"

"கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிகினு இருந்த வரைக்கும் நீ காலைல சிரிச்சு நான் பாத்ததே இல்ல கல்பனா. இப்ப டெய்லி அத பாத்துட்டு சிரிக்கிற. அத கெடுக்க எனக்கு மனசு வரல."

கல்பனாவுக்குக் கையிலிருந்த போனை அவன் மேலேயே எறியலாம் போல இருந்தது. ஆனாலும் இந்த ஆள் தன் முகத்தை இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான் என்று நினைக்க ஆசையாக இருந்தது. அந்த ஆசைக்கு நடுவிலேயே, போன முகூர்த்தங்கள் எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்தன.

"சிரிப்ப காப்பாத்திட்டு கடைய கவுத்துட்டீங்க," என்றாள். "எவளோ மூணாம் மனுஷி போன நீட்டி எனக்கு சொல்லணுமா? நீங்க சொல்லக் கூடாதா?"

சேட்டு தப்புதான் என்றான்.

மறுநாள் அவள் போனைத் தொடவில்லை. அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, அவனைக் கூப்பிட்டுச் சட்டம் போட்டாள். இனிமேல் அவன் போன்தான் ஊர்க்காரன் போன். அதில் காலையில் தேடவேண்டும், ஆனால் கடை கண்ணில் பட்டாலும் தொடவே கூடாது. தொட்டால் அதுவும் சொந்தக்கார போன் ஆகிவிடும். இருந்தால் இருக்கு, இல்லாவிட்டால் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது, போனைப் பார்த்துச் சொல்லவேண்டும். சேட்டு ஆங் என்றான்.

அப்புறம் வேலையில் இறங்கினாள். பேரை மாற்ற மனசு வரவில்லை. மயிலையும் ஜோடனையையும் விட்டுவைத்து, அடியில் 'கல்யாணப் பெண் மேக்கப்' என்று எழுதினாள். அதற்கும் அடியில், சேட்டுவுக்குத் தெரிந்த ஒரு நகரிக்காரரை வரவழைத்து, தெலுங்கு எழுத்தில் 'பெள்ளிகூத்துரு மேகப்' என்று எழுத வைத்தாள். பாவா நெட்டிலும் அதே மாதிரி மாற்றிக் கொடுத்தார், அலங்காரக் கடை வகையிலிருந்து எடுத்து மேக்கப் வகையில் போட்டார். கம்பெனித் தோழிகளிடம் நட்சத்திரம் கேட்காமல், உங்கள் கல்யாணத்துக்கு நான் என்ன செய்தேனோ அதை உங்கள் வாயாலேயே நாலு வரி எழுதுங்கள் என்று கேட்டாள். எழுதினார்கள். புடவை மடிப்பு சாயங்காலம் வரை அப்படியே நின்றது என்று ஒருத்தி எழுதினதை மட்டும் கல்பனா திரும்பத் திரும்பப் படித்தாள்.

சேட்டு தினம் காலையில், ஸ்டாப்பிங் பேர் சொல்கிற குரலில், "இல்ல," என்பான். அவள் சரி என்பாள். வைகாசி முடிந்தது. ஆனியில் ஒரு நாள், "கீது. ரொம்ப கீழ," என்றான். மறுநாள் இல்லை என்றான். அதற்கடுத்த நாள் மறுபடி கீது என்றான். கம்பெனி சூப்பர்வைசர் இன்னொரு தடவை போன் பண்ணினார். ஒரு வாரத்தில் சொல்கிறேன் என்றாள். சொல்லும்போதே கம்பெனி பஸ் ஆரன் அவள் காதில் கேட்டது.

ஆனி கடைசியில் துளசிங்கம் வந்தார். பூஜை சாமான் பார்ட்டி வாசலிலேயே நிற்கிறது, இன்றைக்கு ஒரு முடிவு சொல்லிவிடும்மா என்றார். கல்பனா நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கண்ணாடி மேசையில் இருந்த சீப்புகளை எடுத்து ஒழுங்காக வைத்தாள். அப்போது போன் அடித்தது. சேட்டு. பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல்.

"புத்தூர்ல ரெண்டு லேடீஸ் ஏறுனாங்க. பொண்ணோட அம்மாவும் அத்தையும். ஆவணில மலைமேல கல்யாணமாம். எங்க எறங்கணும்னு என்கிட்டயே போன நீட்னாங்க. பாத்தா நம்ம மயிலு."

"யார் போன்ல?" என்று கேட்டாள்.

"அவங்க போன்ல."

"என் பொண்டாட்டி கடைன்னு சொன்னீங்களா?"

"சொல்லல. சொன்னா நான் சொல்லி வந்த மாதிரி ஆயிடும்ல? டிக்கெட் மட்டும் குடுத்தேன். இப்பதான் எறங்கி ஆட்டோல ஏறுனாங்க, வந்துகினு இருக்காங்க."

"மொதல்லயா இருந்துச்சு?"

முதல் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். பழைய சேட்டுவாக இருந்தால் சொல்லியும் இருப்பான்.

"இல்ல," என்றான். "ஆறாவதோ ஏழாவதோ. தள்ளிகினே போயிதான் புடிச்சாங்களாம்."

கல்பனா சிரித்தாள். எந்தக் காலையிலும் அப்படிச் சிரித்ததில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். துளசிங்கம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னம்மா, இருக்கியா போறியா என்று கேட்டார்.

"இருக்கேங்கண்ணா," என்றாள். "கீழதான் இருக்கேன். ஆனா இருக்கேன்."

கீழ்க் கடையைத்தானே வாடகைக்கு விட்டோம், இதில் அழ என்ன இருக்கிறது என்று துளசிங்கத்துக்குப் புரியவில்லை. அவர் எழுந்து போய் வாசலில் நின்றவரிடம் இடம் இல்லை என்று சொன்னார். கல்பனா கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவை அகலத் திறந்து வைத்தாள்.